கேபிளைப் பிடுங்கிப் பார்த்த அன்று

காரைக்குடியிலிருந்து:

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் கிளம்பவில்லை. யூபிஎஸ் தீர்ந்ததும் எங்கள் மூன்று சர்வரும் அணைந்துவிட்டன. கரண்ட் வந்த பிறகும் எதை முதலில் எழுப்புவது, எதை அப்புறம் எழுப்புவது என்று தெரியாமல் நான்கு மணி நேரம் தவித்தோம். சுற்றுவட்டாரப் பலகாரக் கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் தருகிறோம். கடைக்கார அண்ணன் ஒருவர் போனில் கோபப்படவே இல்லை. "தம்பி, தேன்குழல் வாங்க வந்தவுக வரிசையில நிக்கிறாக" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கேயாஸ் இன்ஜினியரிங்கை (வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி, எங்கே உடைகிறது என்று பார்க்கும் முறை) நாங்களும் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். 2008இல் நெட்ஃபிளிக்ஸில் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. கிளவுடுக்கு மாறியபோது, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களைத் தாங்களே அணைத்துப் பார்க்க கேயாஸ் மங்கி என்ற கருவியை எழுதினார்கள். ஆட்கள் எல்லாரும் இருக்கும் அலுவலக நேரத்தில்தான் அணைப்பார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. நடுராத்திரியில் தானாக விழுவதைவிட, காலை 10 மணிக்கு நாமே விழவைப்பது மேல்.

எங்களுடையது பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர், அதாவது பல சர்வர்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் அமைப்பு. மூன்று நோடு (சர்வர்), அவற்றுக்குள் ஓடும் 22 விஎம் (மெய்நிகர் கணினி), எல்லா நோடுக்கும் பொதுவான செஃப் (Ceph) ஸ்டோரேஜில் ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதி. ஒரு நோடு போனாலும் இரண்டு பிரதி மிஞ்சும், வேலை ஓடும். இரண்டு நோடு போனால் ஸ்டோரேஜ் படிப்பதையும் எழுதுவதையும் நிறுத்திவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவது என்று முதலிலேயே எல்லை போட்டுக்கொண்டோம். பலகையில் எழுதியும் வைத்தோம்: "இரண்டாம் நோடு போனால், 2 நிமிடத்தில் விஎம்கள் மற்ற நோடுகளில் எழும். 3 நிமிடத்துக்குள் பில் போட முடியும்." இப்படி முன்கூட்டியே எழுதாமல் கேபிளைப் பிடுங்குவது வெறும் விஷப்பரீட்சை.

செவ்வாய்க்கிழமை, கடைகளில் கூட்டம் இல்லாத நேரம். எங்கள் சர்வர் அறை ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மண்டியிட்டு, ரேக்குக்குப் பின்னால் கையை விட்டு, இரண்டாம் நோடின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கினேன். மூன்று மின்விசிறிச் சத்தத்தில் ஒன்று இறங்கி அடங்கியது. கை நடுங்கியது உண்மை.

இரண்டு நிமிடத்தில் விஎம்கள் எழுந்தன. திரையில் எல்லாம் பச்சை. ஆனால் பில்லிங் திறக்கவில்லை!

பிங் போகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது, லாகில் மட்டும் "ஹோஸ்ட் பெயர் கிடைக்கவில்லை" என்று வரிவரியாக ஓடியது. பெயரைச் சொன்னால் எந்த மெஷின் என்று முகவரி காட்டும் டிஎன்எஸ் விஎம் இரண்டாம் நோடில் இருந்திருக்கிறது. சின்ன விஎம்தானே என்று யாரும் அதை எச்ஏ (நோடு போனால் விஎம்மை வேறு நோடில் தானாக எழுப்பும் வசதி) பட்டியலில் சேர்க்கவில்லை. நோடோடு அதுவும் போய்விட்டது. ஐப்பசியில் நான்கு மணி நேரம் ஆனதற்கும் இதுவே காரணம் என்று அப்போதுதான் புரிந்தது: டிஎன்எஸ் எழும்முன் மற்றதையெல்லாம் எழுப்பி எழுப்பிப் பார்த்திருக்கிறோம். கேபிளைத் திரும்பச் செருகி, பில் போட முடிந்தபோது 11 நிமிடம் ஆகியிருந்தது.

இப்போது டிஎன்எஸ் இரண்டு விஎம்மில், இரண்டும் ஒரே நோடில் உட்காராதபடி விதி போட்டிருக்கிறோம். எழுப்பும் வரிசை அச்சடித்து ரேக்கின் கதவில் ஒட்டியிருக்கிறது. மறுபடி பிடுங்கினோம். இரண்டே முக்கால் நிமிடம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, எங்களிடம் இரண்டே நோடுதான். இடையில் உள்ள நெட்வொர்க் கேபிளைக் கழற்றிப் பார்த்தோம். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் கிளஸ்டரை நடத்தத் தேவையான பெரும்பான்மை ஓட்டு இரண்டுக்கும் இல்லாமல் போய், ஒரு நிமிடம் கழித்து வாட்ச்டாக் என்ற காவல் டைமர் இரண்டு சர்வரையுமே ரீபூட் செய்துவிட்டது. மூன்றாவது ஓட்டுக்கு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை வைத்த பிறகுதான் சரியானது. அதை முதலில் சர்வர்கள் இருக்கும் அதே யூபிஎஸ்ஸில் செருகிவிட்டோம், பிறகு மாற்றினோம்.

கானாடுகாத்தானிலிருந்து, வீட்டிலிருந்தே வேலை:

அணைப்பதோடு நிறுத்தாதீர்கள், மெதுவாக்கியும் பாருங்கள். டேட்டாபேஸ் விஎம்மின் நெட்வொர்க்கில் டிசி நெட்எம் (நெட்வொர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கும் லினக்ஸ் கருவி) வைத்து 300 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்தோம். செத்த மெஷினை எச்ஏ கண்டுபிடித்துவிடும், இழுத்துக்கொண்டிருக்கும் மெஷினைக் கண்டுகொள்ளாது. ஆப் திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டே டேட்டாபேஸின் கனெக்‌ஷன் எல்லாம் நிரம்பிவிட்டது.

காரைக்குடியிலிருந்து:

தாமதத்தை நாங்கள் இதுவரை தொடவே இல்லை. வரும் செவ்வாய் முதலில் 50 மில்லிசெகண்டில் தொடங்குகிறோம். ராஸ்பெர்ரி பையை எந்த லைனில் மாற்றிச் செருகினீர்கள், தம்பி?