கீமோ நாளும் கார் பார்க்கிங்கும்: இங்கிலாந்துக்குப் புதிதாகப் போனவர்களுக்கு

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் மூன்றாம் மாடி மாமி பிடித்துக்கொண்டார். மகன் குடும்பம் கோவென்ட்ரி போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. மருமகளுக்கு மார்பில் கட்டி, கீமோ தொடங்கப் போகிறார்களாம். "ஆஸ்பத்திரியில வண்டி நிறுத்தவே அவ்வளவு காசாமே, அந்த நீல பேட்ஜ் வாங்கிடலாமாடி?" என்றார். என் கணவருக்கு அங்கேதான் சிகிச்சை நடந்தது. நாங்கள் நங்கநல்லூர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. லிஃப்டில் சொல்லி முடிகிற விஷயமா இது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாமி கேட்ட நீல பேட்ஜ், அதாவது நடக்கச் சிரமப்படுபவர்கள் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டி நிறுத்தத் தரும் 'புளூ பேட்ஜ்' அட்டை வேறு, ஆஸ்பத்திரி இலவச பார்க்கிங் வேறு. கீமோ எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கைக்கு எட்டுவது இரண்டாவதுதான். இங்கிலாந்தில் என்எச்எஸ் (அந்த ஊர் அரசு மருத்துவ சேவை) விதிப்படி, ஒரு மாதத்தில் 3 முறையாவது, மொத்தம் 3 மாதங்களாவது வந்துபோக வேண்டிய நோயாளிக்குப் பார்க்கிங் இலவசம். கீமோ 21 நாளுக்கு ஒருமுறைதானே, நமக்கு எங்கே பொருந்தப் போகிறது என்று நாங்கள் கேட்காமலே இருந்துவிட்டோம். கீமோவுக்கு முன் ரத்தம் கொடுக்க ஒரு நாள், டாக்டரைப் பார்க்க ஒரு நாள், கீமோ ஒரு நாள். மூன்று ஆகிவிட்டதே! இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது வார்டு நர்ஸ். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். முதல் நாளே உங்கள் கேன்சர் நர்ஸிடம் கேளுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் மேக்மில்லன் என்ற கேன்சர் தொண்டு அமைப்பின் தகவல் மையம் இருக்கும், அங்கேயும் கேட்கலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அங்கே என்எச்எஸ் ஆஸ்பத்திரி பார்க்கிங்குக்குக் காசு வாங்குவதில்லை.

கேட்காமல் இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்கிறேன். மூன்றாவது கீமோ. நான்கு மணி நேரத்துக்குக் காசு கட்டியிருந்தேன். ஃபார்மசியிலிருந்து மருந்து வரவே ஒன்றரை மணி நேரம். டிரிப்பில் மருந்து பாதிதான் ஏறியிருக்கிறது, என் கணவருக்குக் கை சில்லிட்டுப் போய் என் சால்வைக்குள் வைத்திருக்கிறார். அப்படியே விட்டுவிட்டு மெஷினைத் தேடி ஓட முடியுமா? சாயங்காலம் வந்து பார்த்தால் கார் கண்ணாடியில் சீட்டு எதுவும் இல்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் தபாலில் வந்தது அபராதம். நுழையும்போதும் வெளியேறும்போதும் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடுகிறது. நம்மூர் மாதிரி "அண்ணா, அஞ்சு நிமிஷம்" என்று சொல்ல வாட்ச்மேனும் கிடையாது. அப்பாயின்ட்மென்ட் கடிதத்தோடு நர்ஸ் எழுதிக் கொடுத்த இரண்டு வரியையும் வைத்து முறையிட்டேன், ரத்து செய்தார்கள். இலவச அனுமதி கிடைத்தாலும் பல இடங்களில் வண்டி எண்ணைப் பதிய வேண்டியிருக்கும், அதை மறக்காதீர்கள்.

சரி, புளூ பேட்ஜுக்கு வருவோம். உங்கள் கவுன்சிலுக்கு (நம்மூர் மாநகராட்சி மாதிரி) ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் அதிகபட்சம் 10 பவுண்ட், முடிவு தெரிய 12 வாரம்கூட ஆகலாம். கேன்சர் என்ற பேரைச் சொன்னால் மட்டும் கிடைக்காது. நம்மூர் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகையிலும் கேன்சர் இல்லையே, அதே கதைதான். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, வலிக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். நல்ல நாளை நினைத்து எழுதாதீர்கள். "சமாளிச்சுக்கிறோம்" என்று எழுதுவது நம் பழக்கம், அந்த ஃபார்மில் அது வேண்டாம். அதோடு, இந்தச் சிரமம் குறைந்தது 3 வருடம் நீடிக்கும் என்று தெரிய வேண்டும். ஆறு மாத கீமோ அசதிக்கு இங்கிலாந்தில் மறுத்துவிடுவது இதனால்தான். வேல்ஸில் 12 மாதத் தற்காலிக பேட்ஜ் உண்டு.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். விண்ணப்பத்தில் 'பிஐபி' (நீண்ட கால உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கான உதவித்தொகை) வாங்குகிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதை வாங்கினால் பேட்ஜ் சுலபம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உங்கள் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது) என்று இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், பிஐபி அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. புளூ பேட்ஜும் ஆஸ்பத்திரி பார்க்கிங்கும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை, தைரியமாகக் கேட்கலாம்.

பேட்ஜ் கிடைத்துவிட்டால் அது நோயாளிக்குச் சொந்தம், காருக்கு அல்ல. யார் ஓட்டினாலும் பரவாயில்லை, ஆனால் அவர் வண்டியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவரை இறக்கிவிடவோ ஏற்றிக்கொள்ளவோ போகிற பயணமாக இருக்க வேண்டும். மருமகள் வீட்டில் தூங்கும்போது மாமா அதை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் 1,000 பவுண்ட் வரை அபராதம். சும்மா சொல்லவில்லை, மாமியும் மாமாவும் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள், மாமா இப்போதே அந்த ஊர் ரோடுகளை யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்திய லைசென்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம்தான். ஆனால் இன்ஷூரன்ஸில் அவர் பெயரைச் சேர்க்காமல் சாவியைக் கொடுத்துவிடாதே என்று மாமியின் பையனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன்.