கூட்டக் குறிப்பில் என் பெயர் இல்லை: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

போன மாதம் எங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவருக்கு அவர் விட்டுப்போன அதே பொறுப்பைத் திருப்பித் தர வேண்டும். இடையில் அந்த வேலையைப் பார்ப்பவரின் நியமனம் தற்காலிகமானது என்று எழுத்திலேயே குறித்துவிட வேண்டும். இவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இருந்தவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து, எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த சக ஊழியர் அதையே சொன்னார். 'எழுத்திலேயே' என்ற சொல் உட்பட, அப்படியே. தலைமை வகித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நல்ல யோசனை" என்றார்.

மூன்றாம் நாள் கூட்டக் குறிப்பு வந்தது. நான்காவது தீர்மானத்தில் 'முன்மொழிந்தவர்' என்ற இடத்துக்கு எதிரே அவர் பெயர். என் பெயர் வருகையாளர் பட்டியலில் மட்டும் இருந்தது, அதுவும் முதலெழுத்து தவறாக.

குறிப்பு எழுதியவரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிதர், என்னை மட்டம் தட்டும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. "யோசனை நிறைவேறிவிட்டதே, பெயரில் என்ன இருக்கிறது?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு என்றுதான் முதலில் தோன்றியது. நாளை விடுப்பு முடிந்து வரப்போகிற பெண்ணுக்கு அந்தத் தீர்மானம் யார் பெயரில் இருந்தால் என்ன? ஆனால் அடுத்த ஆண்டு யாருக்குப் பதவி உயர்வு என்று பார்க்கும்போது எடுத்துப் புரட்டப்போவது அந்தக் கோப்பைத்தான். அதில் நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள்.

உங்கள் பெயர் விடுபட்ட இடம் எது? அலுவலகமோ, கட்சியோ, செய்தித்தாளோ, வீடோ, எதுவானாலும் எழுதுங்கள். ஆண்களும் எழுதலாம்.

*

ஓய்வுபெற்ற துணை ஆசிரியர்:

நான் விடுபட்டவள் அல்ல, விட்டவள். முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் இரவு, பதிப்பு முடிகிற நேரம். தொழிலாளர் பேச்சுவார்த்தை முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தான படம் வந்தது. ஐந்து ஆண்கள், ஒரு பெண். படவிளக்கத்துக்கு இரண்டு வரிதான் இடம். இடமிருந்து வலமாக ஐந்து பெயரையும் பதவியோடு எழுதினேன். வரி நிறைந்துவிட்டது. கடைசியில் 'மற்றும் பெண் பிரதிநிதி ஒருவர்' என்று போட்டு முடித்து, பக்கத்தை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை தொலைபேசி வந்தது. அந்தப் பெண்தான். கோபமாகப் பேசவில்லை. "என் பெயர் நான்கு எழுத்து அம்மா. 'பெண் பிரதிநிதி ஒருவர்' என்பது எத்தனை எழுத்து?" என்று கேட்டார். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி, மேசையில் கிடந்த பேப்பரில் அந்த எழுத்துகளை எண்ணினேன். ஒப்பந்தத்தில் பெண் தொழிலாளர்களின் இரவு நேரப் பணி பற்றிய பிரிவை எழுதியவரே அவர்தான் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

இடப் பற்றாக்குறை என்றுதான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருக்கத்தான் செய்தது. அவரைப் பெயரால் குறிக்க வேண்டும் என்பது எனக்கு, ஒரு பெண்ணுக்கு, உறைக்கவில்லை. அதுதான் உண்மை.

உலகம் முழுக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளின் செய்திகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் இடம்பெறுகிறவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வு ஒன்று 1995 முதல் நடக்கிறது. உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று பெயர். முதல் தடவை எண்ணியபோது 17 சதவீதம். 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. நான் வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த எட்டுக்குள் அடக்கம். அதில் என் பங்கு எந்தப் பக்கம் என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

2015 ஜனவரியில் பாரிஸில் பயங்கரவாதத்தைக் கண்டித்து உலகத் தலைவர்கள் கைகோத்து நடந்த படம் பலருக்கு நினைவிருக்கும். இஸ்ரேலில் தீவிர மரபுவாத யூதர்களுக்கான நாளிதழ் ஒன்று அந்தப் படத்திலிருந்து ஜெர்மனியின் அன்றைய பெண் தலைவர் ஏங்கலா மெர்க்கலையே அழித்துவிட்டு வெளியிட்டது. அப்போது எல்லோரும் கொதித்தார்கள், நானும்தான். ஆனால் என் இரண்டு வரிப் படவிளக்கமும் அதே வேலையைத்தான் செய்தது. அதற்காக யாரும் கொதிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பெயரைப் போட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 2022 நவம்பரில் நியூசிலாந்து, ஃபின்லாந்து பிரதமர்கள் ஜசிண்டா ஆர்டெர்னும் சன்னா மரினும் ஆக்லாந்தில் சந்தித்தார்கள். செய்தியாளர் ஒருவர், இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர் என்பதால்தான் சந்திக்கிறீர்களா என்று கேட்டார். ஒபாமாவும் முன்னாள் நியூசிலாந்துப் பிரதமர் ஜான் கீயும் சந்தித்தபோது அவர்களிடம் யாராவது இப்படிக் கேட்டார்களா என்று ஆர்டெர்ன் திருப்பிக் கேட்டார். செய்தி அறையில் இருக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேள்வியை எழுதியதும், அதையே ஒரு ஆணிடம் கேட்பீர்களா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

*

பள்ளி ஆசிரியர்:

நான் ஆண். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வோம். அப்பா பெயர் என்ற இடத்தை எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அம்மா பெயர் என்ற இடத்தில் ஒரு சிறுவன் 'அம்மா' என்றே எழுதியிருந்தான். கேட்டால், "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்" என்றான். அவன் தந்தை தன் மனைவியை "இவனுடைய அம்மா" என்றுதான் அழைப்பாராம்.

ஆப்கானிஸ்தானில் 2017இல் 'என் பெயர் எங்கே' என்று பெண்கள் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அங்கே மருத்துவரின் மருந்துச் சீட்டிலும் கல்லறைக் கல்லிலும்கூடப் பெண்ணின் பெயரை எழுதாமல் விடுகிற வழக்கம் பரவலாக இருந்தது. 2020இல் அடையாள அட்டையில் தாயின் பெயரையும் சேர்க்கச் சட்டத் திருத்தம் வந்தது. அடுத்த ஆண்டே தாலிபான் ஆட்சி திரும்பிவிட்டது. அந்தப் பெண்களை நினைக்காமல் என்னால் அந்தப் படிவத்தைக் கையில் எடுக்க முடிவதில்லை.

*

உள்ளூர் மன்ற உறுப்பினர்:

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று வென்றவள் நான். சுவரொட்டியில் என் படம் சிறியது, என் கணவர் படம் பெரியது. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் அவரைத்தான் தெரியும், என்னைத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் கூட்டத்துக்கு அவரும் வந்தார். வாசலில் எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, என் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். பேனாவையும் அவரிடமே நீட்டினார். அவரும் கையை நீட்டிவிட்டார். பழக்கம், வேறென்ன. வங்கியிலும் பள்ளியிலும் எல்லா இடத்திலும் அவர்தானே கையெழுத்துப் போடுவார். நான் பதிவேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். தாள் குளிர்ந்திருந்தது. "உறுப்பினர் நான். நான்தான் போட வேண்டும்" என்றேன். குரல் நடுங்கியது. எழுத்தர் என் கணவரின் முகத்தைப் பார்த்தார், அனுமதி கேட்பதைப் போல. என் கணவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவள்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள், "அடுத்த கூட்டம் எப்போது? பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எழுதவில்லை. மாறுவதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது, எனக்கு நாற்பது வருடம் பிடித்தது.

ஒதுக்கீடு வேண்டாம், திறமை இருந்தால் தானே வரட்டும் என்பார்கள். திறமை இருந்தும் கட்டடத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் இருந்தவள் நான். வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் வைத்தே ஆக வேண்டும் என்று அர்ஜென்டினா 1991இல் சட்டம் போட்டது. நாட்டளவில் அப்படிச் செய்த முதல் நாடு அது. ருவாண்டா 2003 அரசியலமைப்பில் முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 சதவீதம் என்று எழுதினார்கள். 2008இல் அங்கே மக்களவையில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். உலகில் வேறெந்த நாட்டிலும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. உலக நாடாளுமன்றங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1995இல் பெண்கள் 11 சதவீதம், இப்போது 27 சதவீதம் அளவில். வந்த வழி சரிதான். ஆனால் ஒதுக்கீடு எனக்கு நாற்காலியைத் தந்ததே தவிர, பேனாவைத் தரவில்லை. அதை நானேதான் வாங்க வேண்டியிருந்தது. புதிதாக வருகிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் கையெழுத்தை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் விட்டால் பிறகு ஐந்தாண்டும் கேட்பது கடினம்.

*

ஆராய்ச்சியாளர்:

திருமணத்துக்கு முன் ஒரு பெயரில் ஏழு கட்டுரை, பின் இன்னொரு பெயரில் நான்கு. தேடுகிறவருக்கு நான் இரண்டு பேர். ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். யார் பெயர் என்று சட்டம் சொல்லவில்லை, ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய 95 தம்பதியரில் மாற்றிக்கொள்பவர் மனைவிதான். 2015இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கிரேக்கத்திலோ 1983 முதல் பெண்கள் பிறந்த பெயரையே வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். இரண்டிலும் அரசுதான் முடிவெடுக்கிறது. எனக்கு வேண்டியது, நானே முடிவெடுக்கும் உரிமை.

*

வாக்காளர் பட்டியல் சரிபார்ப்புப் பணியில் இருந்தவர்:

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு, இதைப் படித்துக் காட்டுங்கள் தோழி.

1951-52இல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். வீடு வீடாகப் பட்டியல் எடுக்கப் போனபோது பல பகுதிகளில் பெண்கள் தங்கள் பெயரை வெளியாரிடம் சொல்ல மறுத்தார்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிவானது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்று உறுதியாக நின்றார். சரியான பெயரைத் தராத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கையில் வந்த வாக்கு, பெயர் இல்லாததால் போயிற்று. அவர் செய்தது கடுமைதான். ஆனாலும் எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது: 'இன்னார் மனைவி' என்ற பதிவுக்கு உரிய வாக்கை யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம்.

நானும் கதவுகளைத் தட்டியிருக்கிறேன். ஒரு மூதாட்டி, கணவர் பெயரைச் சொன்னார், மகன் பெயரைச் சொன்னார், வீட்டு எண்ணைச் சொன்னார். உங்கள் பெயர் என்றதும் நிறுத்திவிட்டு உள்ளே போனார். பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஒரு பழைய தகரப் பெட்டியோடு திரும்பி வந்து, அதிலிருந்து பள்ளிச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து, நூலால் தைத்திருந்தது. "வாயால் சொல்லிப் பழக்கமில்லை. இதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப் பிழை வரக் கூடாது" என்றார்.

நியூசிலாந்தில் 1893இல் வாக்குரிமை கேட்டு ஏறக்குறைய 32,000 பெண்கள் மனுக்களில் கையெழுத்திட்டார்கள். கேட் ஷெப்பர்டும் அவர் தோழிகளும் திரட்டியவை. பெரிய மனுவின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜான் ஹால் என்ற உறுப்பினர் அவையின் நடுவில் அதை உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் முட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் வாக்குரிமை வந்தது. அந்தச் சுருளில் இருந்தது முழுக்கப் பெயர்கள்தான்.

*

தொடங்கியவள்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, அந்தத் தொலைபேசி அழைப்பை இரண்டு முறை படித்தேன்.

ஒபாமா காலத்தில் அமெரிக்க அதிபர் மாளிகையில் பணியாற்றிய பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்ததாக 2016இல் செய்தி வந்தது. ஒருத்தி முக்கியமானதைச் சொன்னால் இன்னொருத்தி அவள் பெயரோடு சேர்த்து அதைத் திரும்பச் சொல்வாள். யார் சொன்னது என்பது அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். என் தோழிகள் இருவரிடம் இதைச் சொல்லி, இந்த மாதக் கூட்டத்தில் செய்து பார்க்க முடிவுசெய்தோம். செய்தும் பார்த்தோம். முதல் முறை சொல்லும்போது மூவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

எதிர்பாராதது வேறு. போன கூட்டக் குறிப்பை உறுதிசெய்யும் நேரத்தில், அந்தச் சக ஊழியரே கையைத் தூக்கினார். நான்காவது தீர்மானத்தில் திருத்தம் வேண்டும் என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை.

திருத்திய குறிப்பு இன்று காலை வந்தது. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர், சரியான முதலெழுத்தோடு. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்.