காணும் பொங்கல் ஓட்டத்தில் திருநங்கை: கமிட்டி செய்தது சரியா?

செக்காலைத் தெரு:
காரைக்குடிக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். காணும் பொங்கல் விளையாட்டுக்கு எங்கள் ஊர்த் திருநங்கை ஒருவர் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்துக்கும் இசை நாற்காலிக்கும் பேர் கொடுத்தார். விழாக் கமிட்டி இரண்டிலும் பேரை அடித்துவிட்டது. உலக அளவிலேயே தடை இருக்கிறதாம், அதுதான் காரணம். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா. என்ன நினைக்கிறீர்கள்?

பள்ளத்தூர்க்காரி:
ஓட்டத்தைப் பொறுத்தவரை கமிட்டி சரி. நான் கல்லூரிவரை 800 மீட்டர் ஓடியவள், அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. 800 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 1:40.91, பெண்களுக்கு 1:53.28. நூறு மீட்டரில் 9.58, 10.49. பெண்கள் சோம்பேறிகள் என்பதால் வந்த வித்தியாசமா இது? பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிற உயரம், எலும்பு, தசை, நுரையீரல். பிறகு ஹார்மோனைக் குறைத்தாலும் உயரம் குறையப் போவதில்லை. ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகள் சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட முடியாது என்று உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் முடிவெடுத்தது. எனக்கு அதில் குறை தெரியவில்லை.

மஞ்சுவிரட்டு மாப்பிள்ளை:
இது நம்ம புதுக்கோட்டை சாந்தி கேஸ்தானே. அப்பவே பதக்கத்தைப் பிடுங்கிட்டாங்களே. முடிஞ்ச கதை.

ஆத்தங்குடிக் கல்:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். சாந்தி சௌந்திரராஜன் திருநங்கை இல்லை. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்தவர். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் 2:03.16-இல் வெள்ளி வாங்கினார். அப்புறம் பாலினச் சோதனை, பதக்கம் பறிப்பு. ஊர் உலகமே டிவியில் பார்த்தது. அவர் என்ன ஊசியா போட்டார், ஏமாற்றினாரா? உடம்பு பிறவியிலேயே அப்படி. பெண்கள் உலக சாதனைக்குப் பத்து நொடி பின்னால் ஓடிய ஒருவரை "ஆணின் பலம்" என்று சொல்லி வெளியே தள்ளினார்கள்.

இடைப்பாலினம், அதாவது பிறவியிலேயே ஆண், பெண் கூறுகள் கலந்த உடம்பு, வேறு; திருநங்கை வேறு. கமிட்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

பள்ளத்தூர்க்காரி:
சாந்திக்கு நடந்தது அநியாயம், அதில் உங்களோடு சண்டை இல்லை. சோதனை முடிவு வெளியே கசிந்ததும், ஆள் ஆளுக்குப் பேசியதும் மன்னிக்க முடியாதவை. ஆனால் உலக சாதனையோடு ஒப்பிடுவது தப்பு. பந்தயத்தில் கூட ஓடுகிறவளோடுதான் ஒப்பிட வேண்டும். நாலாவதாக வந்து பதக்கம் இல்லாமல் திரும்பியவளைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. நான் பல தடவை நாலாவதாக வந்திருக்கிறேன்.

2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை வந்துவிட்டது; கருவில் ஆண் உடம்பு உருவாவதைத் தொடங்கிவைக்கும் மரபணு அது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு தடவல், ஆயுளில் ஒரு முறை, எல்லோருக்கும். சந்தேகப்பட்ட பெண்ணை மட்டும் டாக்டர்கள் முன் நிறுத்தியதைவிட இது மரியாதை இல்லையா?

ஆத்தங்குடிக் கல்:
இது புதுச் சட்டியில் பழைய குழம்பு, ஆச்சி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் மரபணுச் சோதனைதான். 3387 பெண்களைச் சோதித்து 8 பேரிடம் அது இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எட்டுப் பேரையுமே ஓட விட்டார்கள். 1999-இல் ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பரிசோதனையையே நிறுத்தியது. ஸ்பெயின் தடை தாண்டும் ஓட்டக்காரி மரியா மார்த்தினெஸ் பத்தீன்யோவை 1985-இல் இப்படித்தான் அவமானப்படுத்தினார்கள். ஆண் ஹார்மோன் அவர் உடம்பில் வேலையே செய்யாது. அதை நிரூபித்துத் திரும்ப மூன்று வருஷம் ஆனது. 1990-இல் எஸ்ஆர்ஒய் மரபணுவைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே இதை எதிர்த்து எழுதினார். சோதனை, மரபணு இருக்கிறது என்று சொல்லும், அது என்ன செய்தது என்று சொல்லாது.

பள்ளத்தூர்க்காரி:
முதலில், நான் ஆச்சி இல்லை, என் வயது முப்பத்தெட்டு. இரண்டாவது, ஹார்மோன் முழுக்க வேலை செய்யாத பெண்களுக்குப் புது விதியில் விலக்கு இருக்கிறது. பத்தீன்யோ இன்றைக்கு ஓடலாம். பாதிக் கதை சொல்லாதீர்கள்.

ஆத்தங்குடிக் கல்:
விலக்கு உண்டு, சரி, ஒப்புக்கொள்கிறேன். யார் நிரூபிப்பது? செலவு யாருடையது? சூளை வீட்டுப் பிள்ளை எந்த மரபியல் டாக்டரிடம் போவாள்?

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 2014-இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம், அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்றது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நலவாரியம். திருநங்கை பிரித்திகா யாஷினியை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஐ தேர்வில் அவர் 100 மீட்டரில் ஒரு நொடி சொச்சம் பிந்தினார். நீதிமன்றம் அதைக் காரணமாக்க விடவில்லை, 2017-இல் பணியில் சேர்ந்தார். பருவமடைதல் பலமெல்லாம் அங்கே எங்கே போனது?

பள்ளத்தூர்க்காரி:
போலீஸ் தேர்வில் ஒரு நேரக் கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் போதும். அவர் ஓடியதால் வேறொருத்தி இரண்டாமிடத்துக்குப் போவதில்லை. வேலை, ரேஷன் கார்டு, டவுன் பஸ், வாடகை வீடு எல்லாவற்றிலும் நான் உங்கள் பக்கம். பந்தயம் மட்டும் அப்படி இல்லை, ஒருத்தர் ஜெயித்தால் ஒருத்தர் தோற்றே ஆக வேண்டும். ஒருத்தர் ஒரு நொடி பிந்தினார் என்பதை வைத்து விதி எழுத முடியுமா?

மஞ்சுவிரட்டு மாப்பிள்ளை:
அப்ப நாளைக்கு நானும் சேலை கட்டிக்கிட்டு அண்டாவைத் தூக்கிட்டு வந்துரலாமா?

பள்ளத்தூர்க்காரி:
தம்பி, நீங்கள் சேலை கட்டிக்கொண்டு ஓடினால் இருபது மீட்டரில் விழுந்துவிடுவீர்கள். அந்தப் பெண் எத்தனை வருஷமாக அந்தச் சேலையில் எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பாள் என்று தெரியுமா? என் பக்கம் பேசுகிறேன் என்று இந்த மாதிரி எழுதாதீர்கள்.

கண்டனூர் ஆச்சி:
நான் நிஜமாகவே ஆச்சி, அறுபத்தெட்டு வயது. பேத்தி போன் கொடுத்தாள், அவள்தான் டைப் அடிக்கிறாள். அவளும் அந்த ஓட்டத்தில் பேர் கொடுத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டுப் படைப்புக்குச் சமையலுக்கு வந்திருக்கிறது. கை ருசி அப்படி. ஓட்டம் சமாசாரம் படித்தவர்கள் பேசுங்கள். இசை நாற்காலிக்கு எதற்கப்பா ஹார்மோன்? பாட்டு நின்றதும் உட்கார வேண்டியதுதானே? போன வருஷம் அதில் ஜெயித்தது என் சம்பந்தி, அவளுக்கு முழங்கால் தேய்மானம்.

ஆத்தங்குடிக் கல்:
ஆச்சி ஒரே வரியில் கமிட்டியைப் பிடித்துவிட்டார்கள். ஓட்டத்துக்கு உலகத் தடகளம் என்று சாக்கு. நாற்காலிக்கு என்ன சாக்கு? உலகத் தடகளமும் தன் சர்வதேசப் போட்டிகளுக்குத்தான் விதி போட்டது, அண்டாவுக்கு இல்லை.

பள்ளத்தூர்க்காரி:
நாற்காலிக்கு மறுத்தது வெறும் அருவருப்பு. சந்தேகமே இல்லை. ஓட்டத்தில் ஊர்ப் போட்டி என்பதால் விதி தளரலாம் என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உதைக்கிறது. அந்தப் பதினாறு வயதுப் பேத்திக்கு இந்த ஊர்ப் போட்டிதான் ஒலிம்பிக்.

செக்காலைத் தெரு:
இன்று காலை கமிட்டிக்காரரிடம் கேட்டேன். நாற்காலிக்குச் சரி என்று இறங்கி வந்தார், ஓட்டத்துக்கு முடியாது என்கிறார். அதைப் போய் அந்தத் திருநங்கையிடம் சொன்னேன். "நாற்காலி சும்மா எழுதினேன் அண்ணே, ஓடத்தான் ஆசை" என்றார். நூறு மீட்டரை எத்தனை நொடியில் ஓடுவாய் என்று கேட்டேன். இதுவரை யாரும் கடிகாரம் பிடித்துப் பார்த்ததில்லையாம்.

பள்ளத்தூர்க்காரி:
என்னிடம் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்மாய்க்கரைக்கு வரச் சொல்லுங்கள், நேரம் பிடித்துத் தருகிறேன். அண்டாவைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.