ரட்டர் பெடல்: ஒரு நாள் செஸ்னா, மறுநாள் விண்கலம். எதை வாங்குவது?

தும்பி (ஜெலுத்தோங், பினாங்கு):

வணக்கம். வாங்குவதற்கு ஓர் ஆலோசனை வேண்டும். அதோடு ஒரு கோளாறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்து வந்தால் ஒரு நாள் கணினி சிமுலேட்டரில் செஸ்னா 172 சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு பாயான் லெப்பாஸிலிருந்து லங்காவிக்குப் போவேன். மறுநாள் எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி விளையாட்டில் கொள்ளைக் கப்பல்களைத் துரத்துவேன். இரண்டுக்கும் ஒரே ஜாய்ஸ்டிக்தான். அதன் பிடியை முறுக்கினால் மூக்கு இடம் வலமாகத் திரும்பும். இப்போது அந்த முறுக்கு சரியில்லை. கையை எடுத்துவிட்டாலும் மூக்கு மெல்ல இடப்பக்கம் நகர்கிறது. ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது வெடுக்கென்று ஒரு பக்கம் இழுக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் என் மணிக்கட்டு தானாகவே பிடியையும் முறுக்கிவிடுகிறது. சண்டையில் குறி தப்பிக்கொண்டே இருக்கிறது.

மூக்கைக் காலால் திருப்பும் ரட்டர் பெடல் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கையில் 1,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. வாடகை வீடு என்பதால் தரையில் துளை போட முடியாது. வழுக்கும் ஓடு, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி. திரஸ்ட்மாஸ்டர் டி.எஃப்.ஆர்.பி., லாஜிடெக் பெடல், வி.கே.பி. டி-ரட்டர் மூன்றையும் பார்த்துவைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?


சுபாங்_ஓடுபாதை:

தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன் ஸ்டிக்கைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் தேடலில் யு.எஸ்.பி. கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்தால் எல்லா அச்சுகளும் (சாய்வு, முறுக்கு போன்ற அசைவுகள்) கோடுகளாகத் தெரியும். கையை எடுத்துவிட்டு முறுக்கு அச்சின் கோட்டைக் கவனியுங்கள். நடுவில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தால் உள்ளே அசைவை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது அல்லது தூசி பிடித்திருக்கிறது. கொஞ்சம் டெட் ஸோன் (நடுவில் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) கொடுத்தால் அந்தத் துடிப்பு விளையாட்டுக்குள் வராது. காசு செலவில்லை.

ஆனால் மணிக்கட்டுச் சிக்கலுக்கு டெட் ஸோன் மருந்தில்லை. சாய்ப்பதும் முறுக்குவதும் ஒரே கையின் வேலையாக இருக்கும்வரை ஒன்று மற்றொன்றில் கலக்கத்தான் செய்யும். அதற்குப் பெடல் வாங்குவது நியாயம்.

எந்தப் பெடல் என்பதற்கு முன் ஒரே கேள்வி: கால்நுனி பிரேக் (பெடலின் மேல்முனையைக் கால்நுனியால் அழுத்தும் சக்கர பிரேக்) வேண்டுமா, வேண்டாமா? செஸ்னா 172-இல் பெடலை மிதித்தால் முன்சக்கரம் ஏறக்குறைய 10 டிகிரிதான் திரும்பும். அதற்கு மேல் திருப்ப வேண்டுமானால் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதிக்க வேண்டும். அப்போது 30 டிகிரி வரை போகும். விமான நிறுத்துமிடத்தில் வளைந்து திரும்ப இது இல்லாமல் ஆகாது. டி-ரட்டரில் கால்நுனி பிரேக் கிடையாது. ஆகவே உங்கள் பட்டியலில் ஒன்றை இப்போதே அடித்துவிடலாம் என்பது என் கருத்து.


கருந்துளை (கிள்ளான்):

அண்ணே, அவ்வளவு சீக்கிரம் அடிக்க வேண்டாம். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் பிரேக் கையில்தான் இருக்கிறது. மிக்-21-இலும் அப்படித்தான்: ஸ்டிக்கில் இருக்கும் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கும். அத்தகைய விமானங்களை ஓட்டுகிறவருக்குக் கால்நுனி பிரேக் வீண் செலவு. விண்கலத்துக்கோ பிரேக் என்ற பேச்சே இல்லை.

தும்பி, எலீட்டில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மூக்கை மேலும் கீழும் தூக்கும் வேகம் இடம் வலமாகத் திருப்பும்போது இருக்காது. வேண்டுமென்றே மந்தமாக வைத்திருக்கிறார்கள். ஆகவே பெடல் வாங்கிய உடனே கப்பல் பம்பரமாகச் சுற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலின் பலன் நுணுக்கமான குறிபார்ப்பில்தான் தெரியும். பீரங்கியைப் பிடித்துக்கொண்டு கடைசி அரை டிகிரியைக் காலால் சரிசெய்யும் சுகம் முறுக்குப் பிடியில் வராது. சிலர் பெடலில் பக்கவாட்டு உந்துவிசையை வைத்துவிட்டுத் திருப்பத்தைக் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. விமானத்துக்கும் விண்கலத்துக்கும் கால் ஒரே வேலையைச் செய்தால்தான் பழக்கம் குழம்பாது.

டி-ரட்டருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. முழங்காலை முன்னும் பின்னும் நீட்டி மடக்கத் தேவையில்லை. பெரும்பாலும் கணுக்கால் அசைவு போதும். சக்கர நாற்காலிக்காரருக்கு இது சிறிய விஷயமில்லை.


பழைய_டெக்னீஷியன் (பட்டர்வொர்த்):

எல்லாரும் பெடலைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி வழுக்கும் ஓடு, உருளும் நாற்காலி என்று எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கருந்துளை கடைசி வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் எந்தப் பெடல் வாங்கினாலும், பத்தாயிரம் வெள்ளிக்கே வாங்கினாலும், முதல் நாள் நடக்கப்போவது இதுதான்: பிரேக்கை மிதிப்பீர்கள், பெடல் சுவர்ப்பக்கம் நகரும், அது சுவரில் முட்டி நின்றதும் நாற்காலி பின்னால் உருளும். படகில் நின்றுகொண்டு கரையைத் தள்ளுவது போன்ற கதை. பெடலுக்கு அடியில் ரப்பர் விரிப்பைப் போட்டுவிட்டு நாற்காலியை மறந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

துளை போடாமல் தீர்க்க வழி இருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் சாமான் கட்டும் நைலான் பட்டை கிடைக்கும், கொக்கியோடு. அதைப் பெடலின் அடித்தட்டில் ஒரு பக்கம் கோத்து, நாற்காலியின் நடுத்தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கோத்து இறுக்குங்கள். நீங்கள் பெடலைத் தள்ளும் விசையும் நாற்காலி பின்னால் போகும் விசையும் அந்தப் பட்டைக்குள்ளேயே தீர்ந்துவிடும். தரைக்கு வேலையில்லை. ஓடு எவ்வளவு வழுக்கினாலும் கவலையில்லை. எழுந்து போகும்போது கொக்கியைக் கழற்றினால் போதும். பட்டை அடித்தண்டைச் சுற்றிப் போக வேண்டும்; இருக்கையில் கட்டினால் நாற்காலி சுழலும்போது முறுக்கிக்கொள்ளும்.

பட்டை பிடிக்காதவர்கள் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அதே துளையில் நிலையான கால்களைச் செருகலாம். அல்லது ஒரு பிளைவுட் பலகையின் ஒரு முனையில் பெடலைத் திருகி, மறுமுனையில் நாற்காலியை ஏற்றி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரச்சட்டம் அடிக்கலாம். உங்கள் எடையே பெடலைப் பிடித்துக்கொள்ளும். உட்காரும் உயரத்தையும் பாருங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் காலின் தள்ளல் தரைக்கு இணையாகப் போகும், உருளுவது அதிகமாகும். சற்று உயர்த்தினால் விசை கீழ்நோக்கிப் போகும்.

அடுத்து உணரி, அதாவது பெடலின் அசைவை அளக்கும் பாகம். பொட்டன்ஷியோமீட்டரில் ஒரு கரித்தடத்தின் மேல் உலோக முள் உராய்ந்துகொண்டே இருக்கும். பெடலை நாம் அதிகம் அசைப்பது நடுப்பகுதியில்தான், தேய்வதும் அங்கேதான். விமானம் நேராகப் போக வேண்டிய இடத்தில்தான் துடிப்பும் வரும். கடற்காற்றும் ஈரப்பதமும் உள்ள நம் ஊரில் இன்னும் விரைவாக வரலாம். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் உணரியில் உராய்வு இல்லை. எம்.எஃப்.ஜி. கிராஸ்விண்ட் போன்ற பெடல்கள் அந்த வகை. அது குரோஷியாவிலிருந்து வர வேண்டும். கைக்கு வருவதற்குள் உங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே பொட்டன்ஷியோமீட்டர் உள்ளதையே வாங்கினாலும் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் ஒரு புட்டி வீட்டில் இருக்கட்டும்.


செந்தூல்_வானி:

பட்டை யோசனையைப் படத்தோடு போடுங்கள் அண்ணே, என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

தும்பி, இரண்டு பெடலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதையும் பாருங்கள். டி.எஃப்.ஆர்.பி.யில் இரு பாதங்களும் நெருக்கமாக வரும். நான் ஐந்தடி உயரம், எனக்குப் பொருந்துகிறது. என் கணவர் உட்கார்ந்தால் முழங்கால்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. லாஜிடெக்கில் இடைவெளி அகலம். நடுவில் இருக்கும் குமிழைத் திருகி மிதியின் இறுக்கத்தையும் கூட்டிக் குறைக்கலாம். பழைய சைடெக் பெடல்தான் அது. 2016-இல் லாஜிடெக் சைடெக்கை வாங்கிய பிறகு பெயர் மாறியது. பழைய பொருளாகத் தேடினால் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அகலமானது மேசைக்குக் கீழே நுழையுமா என்பது வேறு கேள்வி. நிறுவனத்தின் பக்கத்தில் அளவு இருக்கும். அந்த அளவில் ஓர் அட்டையை வெட்டிக் கீழே போட்டு உட்கார்ந்து பாருங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்குவதாக இருந்தால், 2024 ஜனவரியிலிருந்து 500 வெள்ளி வரையிலான பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைவிட அஞ்சல் செலவுதான் கடிக்கும். பெடல் கனமான பொருள். கோலாலம்பூர்ப் பக்கம் வந்தால் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றலாம், ஆனால் கடையில் வைத்திருப்பார்கள் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொன்று, வீட்டில் வெறுங்காலோடுதான் இருப்போம். சில பெடல்களில் மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். தடித்த காலுறை இல்லாமல் நீண்ட நேரம் மிதிக்க முடியாது. ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டு மிதிக்கப் பார்க்க வேண்டாம், விளிம்பில் மாட்டும்.


தும்பி:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டிக்கைச் சோதித்தேன், முறுக்கு அச்சு நடுவில் நன்றாகவே துடிக்கிறது. டெட் ஸோன் கொடுத்ததும் நகர்வு நின்றது. மணிக்கட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. அட்டை வெட்டிப் பார்த்தேன், அகலமானது நுழைகிறது. செஸ்னாவை விட மனமில்லை, ஆகவே கால்நுனி பிரேக் வேண்டும். பட்டர்வொர்த்தில் ஒருவர் பழைய பெடல் விற்கிறார், பாதி விலை. வாங்கும் இடத்தில் எதைச் சோதிக்க வேண்டும்?


பழைய_டெக்னீஷியன்:

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போங்கள். கேம் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஒரு காலை மிக மெதுவாக, நத்தை வேகத்தில், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளுங்கள். வேகமாக மிதித்தால் எல்லாப் பெடலும் நல்ல பெடல்தான். கோடு தாண்டித் தாண்டிப் போகிறதா, நடுவில் துடிக்கிறதா பாருங்கள். பிறகு விட்டுவிட்டு, ஒருமுறை இடமிருந்தும் ஒருமுறை வலமிருந்தும் நடுவுக்கு வரவிடுங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கால்நுனி பிரேக்குகளைத் தனித்தனியாக மிதித்துப் பாருங்கள். கம்பி பெடலுக்குள் நுழையும் இடத்தை ஆட்டிப் பார்க்க மறக்காதீர்கள்; பழைய பொருள் முதலில் போவது அங்கேதான்.

கரித்தடத் துடிப்பு மட்டும் என்றால் விலையைக் குறைத்து வாங்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் உடைந்திருந்தால் கும்பிடு போட்டுவிட்டு ஃபெரி ஏறிவிடுங்கள்.


தும்பி:

வாங்கிவிட்டேன். கோடு சுத்தமாகப் போனது. பட்டையும் கட்டிவிட்டேன், நாற்காலி அசையவில்லை.

ஆனால் விமானமும் அசையவில்லை! எஞ்சின் முழு வேகத்தில் கத்துகிறது, செஸ்னா நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. இரண்டு பிரேக்கையும் அழுத்தி மிதித்தால் நகரத் தொடங்குகிறது. அதோடு வலது கால்நுனியை மிதித்தால் இறக்கை சாய்கிறது. பெடல் பழுதா?


சுபாங்_ஓடுபாதை:

பெடல் நலமாக இருக்கிறது. மிதித்தால் நகர்கிறது என்றீர்கள் அல்லவா, அதிலேயே விடை இருக்கிறது: பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறது. காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை என்று சிமுலேட்டர் புரிந்துகொண்டிருக்கிறது. அமைப்பில் இரண்டு பிரேக் அச்சுக்கும் தலைகீழ் என்ற கட்டத்தை மாற்றுங்கள்.

இறக்கை சாய்வது வேறு காரணம். கால்நுனி பிரேக்குகளைக் கணினி எக்ஸ், ஒய் அச்சுகளாகப் பார்க்கிறது. சிமுலேட்டர் எக்ஸ், ஒய் என்றால் ஸ்டிக்தான் என்று தானாக நினைத்து, சாய்வையும் ஏற்ற இறக்கத்தையும் பெடலிலும் ஒட்டிவைத்துவிடுகிறது. பெடலின் பட்டியலுக்குப் போய் ரட்டர், இடது பிரேக், வலது பிரேக் மூன்றைத் தவிர மற்ற அனைத்தையும் அழியுங்கள். ஸ்டிக்கின் பட்டியலில் முறுக்கையும் அழியுங்கள். இல்லையென்றால் தேய்ந்த அந்த அச்சு பெடலோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். தானியங்கி ரட்டர் உதவி இருந்தால் அதையும் அணையுங்கள்.


தும்பி:

மூன்றும் சரியாகிவிட்டன. இப்போது ஓடுபாதையில் வேகம் எடுத்தால் இடப்பக்கம் இழுக்கிறது. டெட் ஸோன் கூட்டட்டுமா?


கருந்துளை:

வேண்டவே வேண்டாம், அது கோளாறு இல்லை. உதவியை அணைத்துவிட்டதால் விமானம் இப்போதுதான் உண்மையாக நடந்துகொள்கிறது. செஸ்னாவின் புரொப்பெல்லர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது கிளப்பும் காற்று உடலைச் சுருளாகச் சுற்றிவந்து வாலில் செங்குத்தாக நிற்கும் தகட்டின் இடப்பக்கத்தில் மோதுகிறது. மூக்கு இடப்பக்கம் போகிறது. எஞ்சின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கூட்டக் கூட்ட வலது காலை மெல்லக் கொடுங்கள். சக்கரம் தரையை விட்டு ஏறும்போதும் வலது கால் கொஞ்சம் வேண்டும்.

எலீட்டுக்குத் தனியாகப் பெடலின் வளைவை (மிதிக்கும் அளவுக்கு எவ்வளவு திரும்புவது என்ற அமைப்பை) கொஞ்சம் மென்மையாக்கி, டெட் ஸோனை மிகக் குறைவாக வையுங்கள். நடுவில் நுணுக்கமாக அசைவதற்குத்தானே வாங்கினீர்கள்.


செந்தூல்_வானி:

பட்டையின் படம் இன்னும் வரவில்லை.