வெள்ளிவிழா சந்திப்பு: ஏற்காட்டு ரிசார்ட்டா, நாம படிச்ச லேபா?

கொண்டலாம்பட்டி:
ஏற்பாட்டுக் குழு வாட்ஸ்அப்ல போட்டதைப் பார்க்காதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். நம்ம வேதியியல் 2001 பேட்ச்சோட 25ஆம் ஆண்டுச் சந்திப்பு மே மாசம் ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல. வெள்ளி சாயங்காலம் ஏறி ஞாயிறு மதியம் இறங்கறோம். தலைக்கு 6,500 ரூபாய். இறங்கி வரும்போது கல்லூரி வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு குரூப் போட்டோ எடுத்துக்கறோம். அவ்வளவுதான்.

எனக்கு இதுல சம்மதம் இல்லை. மூணு வருஷமும் கிப்ஸ் உபகரணத்தோட அழுகின முட்டை நாத்தத்துல நின்னு சால்ட் கண்டுபிடிச்சது எங்க? சிங்க் பக்கத்துல பியூரெட்டை உடைச்சுட்டு ஃபைன் கட்டக் காசில்லாம நின்னவனுக்கு எல்லாரும் பத்து பத்து ரூபா போட்டுக் கொடுத்தது எங்க? அந்த லேப் இன்னும் அங்கேயே இருக்கு. அதை வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போறதுக்குப் பேர் வெள்ளிவிழாவா?

சேலத்துலயே ஒரு நாள் நடத்துவோம். காலைல லேப், வகுப்பறை, மதியம் சாப்பாடு, சாயங்காலம் பேச்சு. செலவு கால்வாசிகூட ஆகாது.

அடிவாரம்:
குழுவுல இருக்கறவன்கற முறையில பதில் சொல்றேன் மாப்ள.

பத்தாவது வருஷம் சேலத்துல மண்டபம் புடிச்சுத்தான் நடத்துனோம். பதினொரு மணிக்கு வந்தாங்க. குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை, மறுபடியும் சால்வைன்னு ஒன்றரை மணி ஆயிடுச்சு. பிரியாணி சாப்பிட்டுட்டு மூணு மணிக்குப் பாதி கூட்டம் கிளம்பிடுச்சு. ஒருத்தனுக்கு மாமனார் வீட்டு விசேஷம், இன்னொருத்தனுக்குக் கடையில ஆள் இல்லை. சொந்த ஊர்லயே நடத்தினா யாரும் வீட்டுல இருந்து முழுசா விடுபட மாட்டாங்க. மலை ஏறிட்டா போன் அடிச்சாலும் உடனே ஓடி வர முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு அப்புறம்தான் மனுசன் உண்மையான பேச்சு பேசறான்.

ஏற்காடு நமக்குச் சம்பந்தமில்லாத மலையும் இல்லை. மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் வெட்டின சுரங்கத்தைப் பார்க்க ரெண்டாம் வருஷம் நம்மளைக் கூட்டிட்டுப் போனாங்களே. செவ்வப்பா இருந்த அந்தக் கல்லுல இருந்து வெள்ளையா அலுமினியம் வருதுன்னு அன்னைக்குத்தான் நான் நம்பினேன். அது கரும்பலகைல வந்த பாடம் இல்லை.

லீ பஜார்:
நான் 6,500ஐப் பத்தி மட்டும் பேசறேன்.

குழு பணம் கட்டினவங்க பட்டியலைத் தினம் ராத்திரி குரூப்ல போடுது. கட்டினவன் பேருக்கு நேரா பச்சை டிக், கட்டாதவனுக்கு வெறும் இடம். மூணாவது நாள் ஒருத்தன் சத்தமில்லாம குரூப்பை விட்டு வெளிய போனான். யாருன்னு எல்லாருக்கும் தெரியும், எழுத மாட்டேன். அம்மாப்பேட்டைல விசைத்தறி ஓட்டறான். வகுப்புல ஆர்கானிக் வேதியியலை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவன் வராத வெள்ளிவிழாவுக்கு நான் ஏன் போகணும்?

வசதி இல்லாதவங்களுக்கு குழு உதவும்னு அறிவிப்போட கடைசி வரியில போட்டிருக்கீங்க. அந்த வரியைப் படிச்சுட்டு யாராவது கையைத் தூக்குவாங்களா? நம்ம ஊர்ல தறிக்காரனும் கொலுசுப் பட்டறைக்காரனும் கடன் வாங்கிக் கல்யாண மொய் வைப்பானே தவிர, கூடப் படிச்சவன்கிட்ட எனக்கு நீ கட்டுன்னு சொல்ல மாட்டான்.

துபாய்சேலம்:
உணர்ச்சிவசப்படாம ஒண்ணு சொல்லட்டுமா? நாங்க ஏழெட்டுப் பேர் வெளிநாட்டுல இருந்து வர்றோம். லீவே சில நாள்தான். மே வெயில்ல, 100 டிகிரிக்கு மேல அடிக்கற சேலத்துல ஃபேன் ஓடாத வகுப்பறைல உட்கார எனக்கு இஷ்டமில்லை. அந்தச் செலவுல வித்தியாசம் வந்தா நாங்க கொடுக்கறோம். பணத்தை ஒரு பிரச்சினையா ஆக்கவே வேண்டாம்.

லீ பஜார்:
நீங்க கொடுக்கறதுதான் பிரச்சினையே. அது புரியலைன்னா மேற்கொண்டு எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

வெண்பட்டு:
அஞ்சு பதிவு ஆச்சு, ஒருத்தரும் எங்களைக் கேட்கலை. குழுவுக்குப் போன்ல சிலர் என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்: "பொம்பளைங்களால ராத்திரி தங்க முடியாது, அதனால சேலத்துல வைங்க." எங்க பேரைச் சொல்லி எங்களுக்காக யாரும் முடிவு பண்ண வேண்டாம்பா.

மாமியார் படுக்கைல, பையன் பிளஸ் டூ. கல்யாணத்துக்கு அப்புறம் நான் எனக்குன்னு ஒரு ராத்திரி எங்கேயும் தங்கினதில்லை. சேலத்துல நடத்தினா என்ன நடக்கும்? காலைல சமைச்சு வச்சுட்டு வருவேன், மத்தியானம் மருந்து நேரத்துக்கு ஓடுவேன், சாயங்காலம் மறுபடியும் வருவேன். நாலு பொண்ணுங்ககிட்ட ஒழுங்கா உட்கார்ந்து பேசியிருக்க மாட்டேன். எனக்கு ஏற்காடு வேணும். ரெண்டு ராத்திரியும் வேணும்.

ஆனா ரெண்டு நிபந்தனை. எங்களுக்குத் தனிக் கட்டடம். பாட்டில் கூடாது, யாரோட ரூம்லயும் கூடாது. இதை அறிவிப்புலயே எழுதிப் போடுங்க. அப்பத்தான் வீட்டுல நான் தலை நிமிர்ந்து சொல்ல முடியும், வர்ற பொண்ணுங்களும் கூடுவாங்க.

தேதியையும் மாத்துங்க. மே முதல் வாரம் நீட், அதையொட்டியே பிளஸ் டூ ரிசல்ட். நம்ம வயசுக்காரங்கள்ல பாதிப் பேர் வீட்டுல இந்த வருஷமோ அடுத்த வருஷமோ அதுதான் ஓடிட்டிருக்கும். மே மாசம் வைக்கணும்னு எந்தத் தாய் ஓட்டுப் போட்டா?

அடிவாரம்:
பாட்டில் விஷயம் சரி, எழுத்துல போடறோம். தனிக் கட்டடத்துக்கும் கேட்கறேன். தேதிதான் சிக்கல். வெளிநாட்டுக்காரங்க மே விட்டா டிசம்பர்.

கொண்டலாம்பட்டி:
டிசம்பர்னா மலைப்பாதையை யோசி. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு ரோட்டுல மண் சரிஞ்சு வண்டி விடாம நிறுத்தினாங்க. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில தனியார் பஸ் ஒண்ணு தடுப்புச்சுவரை இடிச்சுக் கீழ விழுந்து உயிர் போச்சு. நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. 20 கொண்டை ஊசி வளைவுல எழுபத்தஞ்சு, எண்பது வயசு வாத்தியார்களை எப்படி ஏத்துவீங்க? நம்ம துறைத்தலைவர் சார் முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு இருக்கார். இனார்கானிக் கெமிஸ்ட்ரி மேடம் பஸ்ல ஏறினாலே தலை சுத்தும்னு அப்பவே சொல்வாங்க. அவங்க இல்லாம நாம மட்டும் கூடறதா? இன்னொரு வெள்ளிவிழாவுக்கு அவங்க இருப்பாங்களா?

வெண்பட்டு சொன்னது எனக்கு வலிக்குது, மறுக்கலை. ஆனா உனக்கு வேணுங்கற ரெண்டு ராத்திரி, உன் கூட்டாளிங்களோட எந்த மாசமும் போகலாம். வாத்தியாருங்களையும் தறிக்காரனையும் ஒரே இடத்துல பார்க்கறது வெள்ளிவிழா அன்னைக்கு மட்டும்தான் நடக்கும்.

வெண்பட்டு:
"எந்த மாசமும் போகலாம்"னு நீ எழுதறது சுலபம். வெள்ளிவிழான்னு ஒரு பேர் இருக்கறதாலதான் வீட்டுல கேட்கவே முடியுது. அந்தப் பேர் இல்லாம நாலு பொண்ணுங்க ஏற்காடு போறோம்னு சொன்னா எங்க தெருவுல என்ன பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ்:
சென்னைல இருந்து எழுதறேன். நடுவுல ஒரு வழி இருக்கு. பொங்கல் கூட்டம் இறங்கின பிறகு ஜனவரி கடைசி வாரம் வைங்க. மழை முடிஞ்சிருக்கும், கோடைக் கூட்டம் வராததால ரூம் வாடகை இறங்கும், பிளஸ் டூ பிள்ளைங்களுக்குச் செய்முறைத் தேர்வுகூட ஆரம்பிச்சிருக்காது. நானும் வெள்ளி ராத்திரி இந்தப் பேர்ல ஓடற வண்டியில ஏறினா விடியுமுன்னே சேலம் ஜங்ஷன்ல நிற்பேன்.

சனிக்கிழமை முழுசும் கல்லூரி. வாத்தியாருங்க, லேப் அட்டெண்டர், கேன்டீன்காரர், எல்லாரும். அதுக்குக் கட்டணமே கிடையாது, செலவைக் குழு பொதுவுல போடணும். சாயங்காலம் விருப்பமுள்ளவங்க மலை ஏறட்டும், ஞாயிறு சாயங்காலம் இறங்கட்டும். ரிசார்ட்டே வேணும்னும் இல்லை. ஏரிக்குப் பக்கத்துல சுற்றுலாத் துறையோட தமிழ்நாடு ஓட்டல் இருக்கு.

லீ பஜார்:
சனிக்கிழமைக்கு முழு ஆதரவு. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்ன நடக்கும்னு பாருங்க. கார் வச்சிருக்கறவன் மலைக்குக் கிளம்புவான், அம்மாப்பேட்டைக்காரன் டவுன் பஸ்ல ஏறுவான். எல்லார் கண்ணு முன்னாடியும் பேட்ச் ரெண்டாப் பிரியும். பச்சை டிக்கைவிட அது மோசம்.

மலைக்கும் காசு வாங்கணும்னா இப்படி வாங்குங்க: எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கவர். முடிஞ்சதை உள்ள போட்டு, பேர் எழுதாம ஒரு பெட்டியில போடட்டும். யார் எவ்வளவு போட்டாங்கன்னு குழுவுக்கே தெரியக் கூடாது. பத்தாததை, மொத்தத் தொகையை மட்டும் சொல்லி அப்புறம் கேளுங்க. செவ்வாய்ப்பேட்டைல எங்க தெருக் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இப்படித்தான் சேருது, ஒரு வருஷமும் நின்னதில்லை.

துபாய்சேலம்:
பேர் இல்லாம போடறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா ரிசார்ட்டுக்கு முன்பணம் யார் கட்டுவா? பெட்டியில எவ்வளவு சேரும்னு தெரியாம ஐம்பது பேருக்கு ரூம் போட முடியாது. ஜனவரின்னா எனக்கு லீவ் கிடைக்குமான்னும் கேட்கணும்.

அடிவாரம்:
ரிசார்ட்ல வெள்ளிக்கிழமைக்குள்ள முன்பணம் கேட்கறாங்க. அதுவரைக்கும் கட்டாம நிறுத்தி வைக்கறேன். அதுக்கு மேல தள்ள முடியாது. என் ஓட்டு இன்னும் ஏற்காட்டுக்குத்தான், ரெண்டு ராத்திரிக்குத்தான். பட்டியல் போடறதை இன்னைக்கே நிறுத்தியாச்சு.

கொண்டலாம்பட்டி:
அப்ப புதன்கிழமை காலைல முதல்வரைப் பார்த்து, ஜனவரியில ஒரு சனிக்கிழமை லேபையும் ரெண்டு வகுப்பறையையும் கேட்டுக் கடிதம் கொடுக்கறேன். கூட வர்றவங்க கல்லூரி வாசலுக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. லீ பஜார், நீ அம்மாப்பேட்டை போய் அவனை நேர்ல பாரு. போன்ல வேண்டாம். லேப் அட்டெண்டர் அண்ணன் கன்னங்குறிச்சிப் பக்கம் இருக்கறதா ஒருத்தர் சொன்னார். வீடு தெரிஞ்சவங்க எனக்குத் தனியா எழுதுங்க.