அப்பா ஒட்டிய சிக்னல் கேபினுக்கு ஒரு படிக்கட்டு தேவை

டர்பன் அன்பர்களுக்கு வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா 1960களின் கடைசியில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பாகங்களைப் பொறுமையாக ஒட்டிச் செய்த பொம்மை சிக்னல் கேபின் (ரயில் சிக்னல்களை இயக்கும் அறை), ஒரு பிஸ்கட் டின்னுக்குள் செய்தித்தாள் சுற்றியபடி கிடைத்தது. இங்கிலாந்தின் ஓக்கம் ஊரில் லெவல் கிராசிங் அருகே நிற்கும் கேபினைப் பார்த்து, 1:76 அளவில் வடித்த மாதிரி அது.

வெளிப்படிக்கட்டும் ஒரு சன்னல் சட்டமும் காணவில்லை. ஏர்ஃபிக்ஸின் அந்த அச்சுகள் பின்னாளில் டாபோல் நிறுவனத்திடம் போனதால் அதே கேபினைப் புதிதாகவும் வாங்கலாம். ஆனால் கூரையோரத்துப் பசையில் அப்பாவின் கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதால், இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. யாரிடமாவது உடைந்த பழைய கேபின் இருந்தால், அந்த இரண்டு பாகங்களை மட்டும் விலைக்குத் தர இயலுமா?

அதே டின்னில் இருந்த டிங்கி பொம்மை லாரியின் ரப்பர் டயர்கள் கல்லாக இறுகி வெடித்திருக்கின்றன. கேபினுக்குப் பக்கத்தில் வைத்தால் லாரி பெரிதாகத்தான் தெரியும், ஆயினும் அப்பா எப்போதும் அங்கேதான் அதை நிறுத்துவார். மாற்று டயருக்குச் சக்கரத்தின் எந்த விட்டத்தை அளக்க வேண்டும் என்பதையும், பழைய பசையைப் பிளாஸ்டிக் உருகாமல் இளக்கும் வழியையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.