பஞ்சு தூசியால் மூச்சுத்திணறல்: வேலைதான் காரணம் என்று நிரூபிப்பது எப்படி?

செல்வி, ராஜபாளையம்:
அப்பா 20 வருடத்துக்கு மேல் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். பெரும்பாலும் பஞ்சை உதறிச் சுத்தம் செய்து சீவும் ப்ளோ ரூம், கார்டிங் செக்‌ஷன்களில். இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. தொழில் நோய் என்று எழுதிக் கொடுத்தால், "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, பீடி குடிக்கிறவர், ஆஸ்துமாவாக இருக்கும்" என்கிறார்கள் மில்லில். நாங்கள் எதைக் காட்டுவது?

முருகேசன், தொழிற்சங்கம்:
தங்கச்சி, அப்பாவிடம் முதலில் இதைக் கேளுங்கள். ஆரம்ப வருடங்களில், வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடித்து, அடுத்தடுத்த நாள் தணிந்ததா? பஞ்சு தூசியால் வரும் பிசினோசிஸின் முக்கிய அடையாளம் அது. முற்றிய பிறகு எல்லா நாளும் இருக்கும், அதனால்தான் பழைய காலத்தைக் கேட்கச் சொல்கிறேன். டிஸ்பென்சரி ஓ.பி. சீட்டுகள் இருந்தால் தேதியைப் பாருங்கள். வார லீவுக்கு மறுநாளே திரும்பத் திரும்பப் போயிருந்தால் அது நல்ல சாட்சி.

எக்ஸ்ரேயைக் கண்டு பயப்பட வேண்டாம். கல் குவாரி சிலிகோசிஸ் போல இந்த நோய்க்கு எக்ஸ்ரேயில் தனி அடையாளம் கிடையாது. ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலைப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் லீவுக்கு அடுத்த நாள் ஷிப்டுக்கு முன்னால் ஒன்று, முடிந்ததும் ஒன்று. ஊதும் அளவு குறைந்தால் அது பேசும். பீடி நுரையீரலை இன்னும் கெடுக்கும், உண்மைதான். அதற்காகப் பஞ்சு தூசி செய்த கேடு இல்லாமல் போய்விடாது.

முக்கியமான விஷயம்: பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்த நோய் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே. நோய், அந்த வேலை, அதற்குக் குறித்த தொடர் பணிக்காலம் மூன்றையும் காட்டிவிட்டால், வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் பாடு.

வேலுச்சாமி, ஓய்வு பெற்ற மில் ஊழியர்:
பி.எஃப். பாஸ்புக்கில் வருடம் தெரியும், செக்‌ஷன் தெரியாது. சர்வீஸ் சர்டிபிகேட்டில் "ஹெல்பர்" என்று மட்டும் இருந்தால் ப்ளோ ரூம் என்பதே மறைந்துவிடும். கூட வேலை பார்த்தவர்களிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள், பாதிப் பேர் ஊர் மாறிவிடுவார்கள். "உடல்நிலை காரணமாக விலகுகிறேன்" என்ற தாளில் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது.

செல்வி:
அண்ணா, அப்பாவுக்கு அப்படியேதான் இருந்ததாம். திங்கட்கிழமை என்றாலே பயப்படுவாராம். டாக்டர் சீட்டில் "நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி" என்று மட்டும்தான் எழுதுகிறார்.

முருகேசன்:
செக்‌ஷன் பெயரையும் எத்தனை வருடம் என்பதையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு இந்த நோய் என்று டாக்டர் கண்டால், தொழிற்சாலை ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89-வது பிரிவு அதைக் கடமையாகவே வைத்தது. அப்புறம் ஈ.எஸ்.ஐ. சிறப்பு மருத்துவ வாரியத்துக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.